பன்றியோடு விளையாடுவதா, பன்றியை வைத்து விளையாடுவதா?

கொடுக்காப்புளி | சனி, இரவு 9.40

போன மாதம் கணவருக்கு டோக்கியோவில் இரண்டு வார வேலை. பள்ளி லீவும் சேர்ந்து வந்ததால் நானும் மகளும் ஒட்டிக்கொண்டு போனோம். கோயில், கோபுரம், ரயில் எல்லாம் பார்த்து முடித்தபின் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: பன்றிக் கஃபே. இன்ஸ்டாவில் பார்த்திருக்கிறாள். பூனைக் கஃபேயும் ஆந்தைக் கஃபேயும் அங்கே பழங்கதையாம். 2019ல் மெகுரோவில் பன்றிக் கஃபே வந்து, இப்போது பல ஊர்களில் இருக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். மடியில் விரிக்க ஒரு போர்வை தருகிறார்கள். அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று காசு. நாமாகத் தூக்கக் கூடாது. அதுவாக வந்தால் படுத்துக்கொள்ளும். வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு தலையணை அளவில் ஒன்று, மகளின் முழங்காலை மூக்கால் இரண்டு தள்ளு தள்ளி இடம் பிடித்துப் படுத்து ஒரே நிமிடத்தில் குறட்டை விட்டது. கால் மரத்துப் போயும் அவள் அசையவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது இன்னொன்றை. சுவரோரமாக ஒரு குட்டி விரிப்பின் விளிம்பை மூக்கால் தோண்டிக்கொண்டே இருந்தது. விரிப்புக்கு அடியில் மரத்தரை. அங்கே வேலை செய்யும் பெண் அதை மெல்லத் திருப்பி எங்கள் பக்கம் விட்டார். நாலடி வந்துவிட்டு மறுபடி அதே மூலை, அதே வேலை. அரை மணி நேரமும் இதுதான்.

கோவை திரும்பியதிலிருந்து "மினி பன்றி வாங்கித் தா" என்று நச்சரிப்பு. வாட்ஸாப்பில் ஒருவர் விற்கிறார். 'டீக்கப் பன்றி'யாம், எத்தனை வயதானாலும் பூனை அளவுதானாம். வாங்கலாமா என்பது ஒரு கேள்வி. அந்த மூலைக் குட்டியை நினைத்தால் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பது இன்னொரு கேள்வி. மடியில் படுத்தது சந்தோஷமாகத்தான் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் பன்றியோடு விளையாடினோமா, பன்றியை வைத்து விளையாடினோமா?

சினைஊசி | சனி, இரவு 10.25

கால்நடை டாக்டர் நான். இரண்டாவது கேள்வியைத் தத்துவக்காரர்களுக்கு விடுகிறேன். முதல் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள்.

'டீக்கப்' என்று பன்றியில் ஓர் இனமே கிடையாது. அது வியாபாரி வைத்த பெயர். 1980களில் வியட்நாம் தொப்பைப் பன்றியைக் கனடா வழியாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள், அதிலிருந்துதான் இந்த 'மினி' மோகம் ஆரம்பம். பண்ணையில் வளரும் வெண்பன்றி இருநூறு, முந்நூறு கிலோ போகும். அதன் பக்கத்தில் நிறுத்தினால் தொப்பைப் பன்றி மினிதான். உங்கள் சோபாவின் பக்கத்தில் நிறுத்தினால்? ஐம்பது, அறுபது கிலோ வந்துவிடும், நன்றாகத் தின்றால் அதற்கும் மேலே. ஆயுள் பதினைந்து வருடம். உங்கள் மகள் கல்யாணம் பண்ணிப் போனபிறகும் அது வீட்டில் இருக்கும்.

சீனாவின் ஷென்ழென் நகரில் 2015ல் ஒரு நிறுவனம் வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் மரபணுவை முடக்கி, 15 கிலோவோடு நின்றுவிடும் பன்றியை 10,000 யுவானுக்கு விற்கப்போவதாக அறிவித்தது. நிறத்தைக்கூட விருப்பப்படி மாற்றித் தருவோம் என்றார்கள். பிறகு அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். மரபணுவில் கைவைத்தே 15 கிலோ என்றால், வாட்ஸாப் வியாபாரியின் பூனை அளவு எப்படி வரும்?

கொடுக்காப்புளி | சனி, இரவு 10.41

டாக்டர், தாய்ப் பன்றியின் படமும் அனுப்பியிருந்தாரே. அதுவும் சின்னதாகத்தான் இருந்தது. பக்கத்தில் குட்டிகளும் இருந்தன.

சினைஊசி | சனி, இரவு 10.58

அதுதான் வித்தையே. பெண் பன்றி ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் நாலு மாதத்துக்குள். ஆக ஒரு வயது ஆவதற்குள் தாயாகிவிடும். ஆனால் உடம்பு மூன்று வருடம் வரை வளரும். நீங்கள் பார்த்த 'தாய்', இன்னும் பாதிகூட வளராத பிள்ளை.

இன்னொரு வித்தை சோற்றில். "ஒரு நாளைக்குக் கால் டம்ளர் தீனிதான், அதற்கு மேல் வைத்தால் பெரிதாகிவிடும்" என்று சொல்லி விற்பார்கள். அது பட்டினி. தலை மட்டும் பெரிதாகி உடம்பு ஒட்டிப்போன பன்றியைப் பார்த்தால் உங்கள் மகளுக்கே பிடிக்காது.

மூலையில் தோண்டிய குட்டியைப் பற்றி: பன்றியின் மூக்கு நுனியில் அதற்கென்றே தனியாக ஒரு சின்ன எலும்பு உண்டு. மண்ணைக் கிளறுவதற்காக. எடின்பரோவில் பண்ணைப் பன்றிகளைத் திறந்தவெளியில் விட்டுப் பார்த்தார்கள். தீனி வைத்தும்கூட பகலில் பாதிப் பொழுதை அவை கிளறுவதிலும் மேய்வதிலும் கழித்தன. உங்கள் குட்டி விரிப்பில் குறும்பு செய்யவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தது.

வடலி | ஞாயிறு, அதிகாலை 3.15

நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன், அதனால் இந்த நேரம். டாக்டர் சொன்னதற்கு எங்கட ஒன்டாரியோவிலேயே பெரிய சாட்சி உண்டு. எஸ்தர் என்று ஒரு பன்றி. 2012ல் இரண்டு பேர், ஸ்டீவ் ஜென்கின்ஸ், டெரெக் வால்டர் என்று, மினி பன்றி என்று நம்பி வீட்டுக்குள் கொண்டுவந்தினம். முழுதாக வளர்ந்தாலும் முப்பது கிலோ சொச்சம்தான் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். மிருக வைத்தியரிடம் காட்ட, அவர் வாலைப் பார்த்தாராம். வால் நுனி வெட்டியிருந்தது. பண்ணையில் இறைச்சிக்கு வளர்க்கிற குட்டிக்குத்தான் அப்படி வெட்டுவார்கள். கடைசியில் எஸ்தர் கிட்டத்தட்ட 300 கிலோ.

அவர்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. இறைச்சி சாப்பிடுவதை விட்டார்கள், வீட்டை விட்டார்கள், 2014ல் காம்பல்வில்லில் நிலம் வாங்கிக் காப்பகம் தொடங்கினார்கள். எஸ்தருக்கு வருத்தம் (நோய்தான்) வந்தபோது அந்த உடம்பு நுழையக்கூடிய சி.டி. ஸ்கேன் எங்கேயும் இல்லாமல், சனத்திடம் காசு சேர்த்து குவெல்ஃப் கால்நடைக் கல்லூரிக்கே ஒரு பெரிய மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். எஸ்தர் 2023 அக்டோபரில் இறந்தாள்.

கேட்க நல்ல கதை. ஆனால் அந்த இருவருக்கு இருந்த மனமும் வசதியும் எத்தனை பேருக்கு இருக்கும்? டொரோன்டோ நகர எல்லைக்குள் பன்றி வளர்க்கவே தடை. தெரியாமல் வாங்கி, வளர்ந்த பிறகு முழி பிதுங்கி நிற்கிறவர்கள்தான் கனக்க. எங்கட தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்தது. ஆறாம் மாதம் சமையலறை அலுமாரிக் கதவைப் பெயர்த்துவிட்டது. ஒரு நாள் விடிய வான் ஒன்று வந்து நின்றது, அதற்குப் பிறகு நான் அதைக் காணவில்லை. கேட்கவும் மனம் வரவில்லை.

தட்டான்கல் | ஞாயிறு, காலை 7.50

ஜப்பான்காரனையும் கனடாக்காரனையும் பார்த்து உச்சுக் கொட்டுகிறோம். நாம் என்ன ஒழுங்கு? என் பெயரைப் பாருங்கள், அதுவே வாக்குமூலம்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். ஐப்பசி மழை விட்டதும் தட்டான் கிளம்பும். வேலியோரம் பூனை மாதிரி நடந்துபோய் வாலைப் பிடித்து, நூலில் சுருக்குப் போட்டுப் பறக்க விடுவோம். அது முதல் கட்டம். இரண்டாம் கட்டத்தில் கீழே ஒரு சின்னக் கல்லைக் காட்டினால் ஆறு காலாலும் கவ்விக்கொள்ளும். அப்படியே தூக்க வேண்டும். யாருடைய தட்டான் பெரிய கல்லைத் தூக்குகிறதோ அவன் ஜெயித்தான். வால் பிய்ந்துபோனால் அடுத்த தட்டான்.

பொன்வண்டுக்கு மரியாதை அதிகம். தீப்பெட்டியில் கொடுக்காப்புளி இலை போட்டு வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோவோம். முட்டை போட்டால் அன்று ஹீரோ நாம்தான். பாவம் ஓணான். ராமர் தாகம் என்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அதனால் ஓணானை அடித்தால் புண்ணியம். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடி திணித்து, அது கிறுகிறுத்து ஆடுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். கொல்வதற்குக் கதை ஒன்று கையில் இருந்ததுதான் எங்களுக்கு வசதி. கதை இல்லாத பிராணியை அடித்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். ஓணானை அடித்தால் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் சாயக் கோழிக்குஞ்சு. சைக்கிளில் பெரிய கூடை, வலை மூடி, உள்ளே ரோஸ், பச்சை, ஊதா. பழைய இரும்பு, பிளாஸ்டிக் போட்டாலும் தருவார். நான் வாங்கிய ரோஸ் குஞ்சு மூன்றாம் நாள் காலையில் அட்டைப் பெட்டி மூலையில் விறைத்துக் கிடந்தது. கண் பட்டுவிட்டது என்றாள் ஆச்சி. நாற்பது வயது வரைக்கும் நானும் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

சினைஊசி | ஞாயிறு, காலை 8.20

//கண் பட்டுவிட்டது//

குளிர் பட்டது. நாமக்கல் மாதிரி இடங்களில் முட்டைக் கோழிக்காகக் குஞ்சு பொரிக்கும்போது பாதி ஆண் குஞ்சாக வரும். அது முட்டையிடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது. பொரித்த அன்றைக்கே அது கழிவு. சில ஊரில் அப்படியே கொன்றுவிடுகிறார்கள், சில ஊரில் சாயத்தில் முக்கிக் கூடையில் போடுகிறார்கள். முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். தாய்க்கோழி இறக்கைக்குள் கிடைக்கும் சூடு அது. உங்கள் அட்டைப் பெட்டியில் ஏது? அது மூன்று நாள் தாங்கியதே பெரிது.

ஏறுதழுவி | ஞாயிறு, காலை 10.05

எனக்கு இது எங்கே போகிறதென்று தெரிகிறது. பன்றியில் ஆரம்பித்து, தட்டானில் இறங்கி, கடைசியில் ஜல்லிக்கட்டில் வந்து நிற்பீர்கள். 2014 மே 7 தீர்ப்பு ஞாபகம் இருக்கிறது, 2017 ஜனவரியில் மெரினாவில் நான் ஐந்து நாள் இருந்தேன், 2023 மே 18ல் அரசியல் சாசன அமர்வே தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. முடிந்த கதை.

காளை பொம்மை இல்லை. வாடிவாசல் வழியாக ஒரு நாள் வருகிறது, மற்ற 364 நாளும் அதற்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நீச்சல், நடை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் காளைக்குத்தான் சாப்பாடு. கஃபேயில் காசு கொடுத்து அரை மணி நேரம் மடியில் வைத்துக்கொள்வதும் இதுவும் ஒன்றா? விலங்கை வைத்து விளையாடக் கூடாது என்று வெளிநாட்டுக்காரன் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

பழுப்பேடு | ஞாயிறு, காலை 11.30

ஏறுதழுவி அண்ணே, கடைசி வரிக்கு மட்டும் ஒத்துப்போகிறேன். வெளிநாட்டுக்காரன் லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1425ல் பாரிஸில் ஒரு வேடிக்கை நடந்தது. பார்வையில்லாத நாலு பேருக்குக் கவசம் மாட்டி, கையில் தடி கொடுத்து, அடைப்புக்குள் ஒரு பன்றியை விட்டார்கள். யார் அடித்துக் கொல்கிறாரோ பன்றி அவருக்கு. பன்றி மேல் விழ வேண்டிய அடி ஒருவர் மேல் ஒருவராக விழுந்தது, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தக் காலப் பாரிஸ்வாசி ஒருவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்த அடைப்புக்குள் பன்றி மட்டும் விளையாட்டுப் பொருள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

1785ல் லண்டனில் 'படித்த பன்றி' என்று ஒன்றைக் காட்டிக் காசு வசூலித்தார்கள். அட்டைகளை மூக்கால் எடுத்து எழுத்துக் கூட்டுமாம், மணி சொல்லுமாம். பிறகு நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் குதிரையில் ஏறி ஈட்டியால் காட்டுப்பன்றியைக் குத்துவது பெரிய பந்தயம். மீரட் பக்கம் கங்கைப் படுகையில் காதிர் கோப்பை என்று வருடா வருடம் நடக்கும். சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் 1883ல் அதை ஜெயித்தவர். பன்றி குத்துவது எப்படி என்று 1889ல் புத்தகமே போட்டார். நான் எட்டாம் வகுப்பில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, பிராணிகளிடம் அன்பாக இருப்பேன் என்று சொன்னது அவர் படத்துக்கு முன்னால்தான்!

இன்றைக்கும் அமெரிக்கக் கிராமத் திருவிழாக்களில் சேற்றில் பன்றியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பீப்பாய்க்குள் போடும் போட்டி உண்டு. விஸ்கான்சினில் ஸ்டீபன்ஸ்வில் என்ற ஊரில் ஒரு தேவாலயமே 44 வருடம் நடத்தியது. எதிர்ப்பு வந்து 2015ல் நிறுத்திவிட்டார்கள். பக்கத்து மினசோட்டாவில் எண்ணெய் தடவிய பன்றியைத் துரத்திப் பிடிக்கும் போட்டிக்குச் சட்டப்படியே தடை. ஆக இது கிழக்கு மேற்கு விவகாரம் இல்லை.

நம் கோயில் கதையிலும் பன்றி உண்டு. மதுரையில் சொக்கநாதர் செய்த அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் ஒன்று, தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குத் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தது. அதுவும் விளையாடல்தான், பெயர்ப்படி. அங்கே வேஷம் கட்டியது சாமி. குட்டிகள் பாட்டுக்குப் பால் குடித்தன.

ஏறுதழுவி | ஞாயிறு, மதியம் 12.10

எங்கள் தேனிப் பக்கம் பொங்கலுக்குப் 'பன்றி தழுவுதல்' என்றே நடத்துகிறார்கள். நடத்துவது யார்? பன்றி வளர்க்கும் மக்களேதான். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சங்குப்பூ | ஞாயிறு, மதியம் 1.45

நான் படித்ததில் பிடித்ததைப் போட்டுவிட்டு ஓடிவிடுகிறேன், அடுப்பில் குழம்பு.

அமெரிக்காவில் நாலு பன்றிகளுக்கு ஜாய்ஸ்டிக் ஆடக் கற்றுக்கொடுத்து, 2021ல் முடிவை வெளியிட்டார்கள். மூக்கால் குச்சியைத் தள்ளினால் திரையில் புள்ளி நகரும், சுவரில் மோதினால் தீனி விழும். அதில் எனக்குப் பிடித்த இடம்: ஒரு சமயம் தீனி விழும் பெட்டி கெட்டுப்போனது. பழகிய ஆள் பக்கத்தில் நின்று "நல்லா பண்றே, ஆடு ஆடு" என்று பேச, தீனி இல்லாமலே ஆடியிருக்கின்றன. உடம்பு பெருத்து, நின்று ஆட முடியாமல் போனபோது இரண்டு பன்றிகளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டின் பெயர் ஹாம்லெட், ஆம்லெட். ஒன்றின் பெயருக்குள்ளேயே பன்றிக்கறி ('ஹாம்'), இன்னொன்று காலை டிபன்! படித்தவர்கள்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் வைப்பதும் ஒரு விளையாட்டுதானே, அது யாருக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நெதர்லாந்தில் இன்னொரு முயற்சி. பண்ணைப் பன்றிக்கு வெட்டியாக இருந்தால் பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிக்கும். (வடலி சொன்ன வால் வெட்டு இதனால்தான்.) அதனால் ஐரோப்பாவில் பன்றிக்குக் கிளற வைக்கோல் மாதிரி ஏதாவது எப்போதும் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. பல பண்ணைகளில் ஒரு சங்கிலியையும் பந்தையும் தொங்கவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். ஊட்ரெக்ட் கலைப் பள்ளிக்காரர்களுக்கு ஒரு யோசனை. கொட்டில் சுவரில் பெரிய திரை, அதில் ஓர் ஒளிப்புள்ளி. வீட்டில் உட்கார்ந்து நாம் டேப்லெட்டில் விரலால் அதை நகர்த்த, பன்றி மூக்கால் துரத்தும். இருவரும் சேர்ந்து போனால் வாணவேடிக்கை. சந்தைக்கு அது வரவில்லை. யாரோ ஒருவர் ரயிலில் உட்கார்ந்து, நாளை தட்டில் வரப்போகிற பன்றியோடு இன்று ஆடுவதை நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சங்கிலியைக் கடித்துக்கொண்டு நிற்பதைவிட அது தேவலை என்றும் தோன்றியது.

பட்டிமகன் | ஞாயிறு, இரவு 8.30

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தேனிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஊர் பெயர் வேண்டாம்.

எங்கள் வீட்டில் பன்றி வளர்த்தோம். அப்பா இப்போதும் வளர்க்கிறார். ஓட்டல் ஓட்டலாகப் போய் மிச்சச் சோறும் கழுநீரும் டிரம்மில் பிடித்து, டிவிஎஸ் ஐம்பதில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அலுமினியச் சட்டியைக் கரண்டியால் தட்டினால் தெருக்கோடியிலிருந்து வந்துவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடம் அதற்கென்று ஒரு காம்பு உண்டு, பிறந்த இரண்டு மூன்று நாளில் சண்டை போட்டு முடிவு செய்துகொள்ளும், அப்புறம் மாறாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஏழு வயதில் எந்தக் குட்டி எந்தக் காம்பு என்று எனக்குத் தெரியும்.

பள்ளியில் என் பெயரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் பையன்களுக்கு விளையாட்டு எங்கள் பன்றிதான். கல் எறிந்தால் ஒரு புள்ளி, ஓடும் பன்றியின் மேல் பட்டால் ரெண்டு புள்ளி. தீபாவளிக்கு நாய் வாலில் சரம் கட்டுவதை எல்லோரும் சொல்வார்கள். எங்கள் சினைப் பன்றியின் மேல் லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டதை இதுவரை யாரும் எங்கேயும் எழுதவில்லை. ஒன்பது குட்டியில் ஆறு செத்துப் பிறந்தது. அப்பா போய்ச் சொன்னபோது, "பன்னிதானே" என்று பதில் வந்தது. அந்தப் பையன்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவன் இப்போது எனக்கு நல்ல நண்பன், தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுகிறான்.

தட்டான்கல் அண்ணன் சொன்ன கதை விஷயம் சரி. ஓணானுக்கு ராமர் கதை மாதிரி, பன்றிக்கு 'அசிங்கம்' என்று ஒரு கதை. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது, அதனால் சேற்றில் புரளும். இடம் கொடுத்தால் படுக்கும் இடத்தில் சாணி போடாது. சாக்கடையில் கிடக்கிறது என்றால் அந்தத் தெருவில் அதற்கு வேறு ஈரம் இல்லை.

பன்றி தழுவுதல் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஆட்கள் அதை ஏன் எடுத்தார்கள் என்று எனக்குப் புரிகிறது. வாடிவாசலில் எங்களுக்கு இடமில்லை. எங்கள் கையில் இருப்பது பன்றி, அதிலும் வீரம் உண்டு என்று ஊருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆனால் பின்னங்காலைப் பிடித்தால் பன்றி என்ன சத்தம் போடும் என்று பன்றி வீட்டில் வளர்ந்தவனுக்குத் தெரியும். எங்கள் மரியாதை விவகாரம் பன்றிக்குத் தெரியாது.

பிடிக்க வருகிறார்கள் என்றால் விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வரும். கம்பிச் சுருக்கு, கழி. அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். மறுநாள் பள்ளியில் அந்தச் சத்தத்தை என்னைப் பார்த்துப் போட்டுக்காட்டுவார்கள், அதுவும் விளையாட்டு.

இப்போது அதே பிராணிக்கு ஷாம்பூ போட்டு, பெயரை மாற்றி, ஆயிரக்கணக்கில் விலை வைத்திருக்கிறார்கள். அக்கா உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் மூலையில் நின்ற குட்டியைப் பார்த்தவர்.

ஏறுதழுவி | ஞாயிறு, இரவு 9.15

பட்டிமகன், வாடிவாசல் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. மெரினாவில் ஐந்து நாளும் 'நாம்' 'நாம்' என்றுதான் கத்தினேன். காளை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தட்டான்கல் | ஞாயிறு, இரவு 9.40

டாக்டர், இதற்கெல்லாம் சட்டம் என்ன சொல்கிறது? வெடி கொளுத்திப் போட்டால் தண்டனை?

சினைஊசி | ஞாயிறு, இரவு 10.05

1960ம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். கொடுமைப்படுத்தினால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 1960ல் அது காசு. இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடை. கொன்றாலோ ஊனமாக்கினாலோ குற்றவியல் சட்டத்தில் வேறு பிரிவு வரும், அதில் சிறைகூட உண்டு. ஆனால் பன்றிக்காக யார் ஸ்டேஷன் படி ஏறுவது, ஏறினாலும் யார் எழுதிக்கொள்வது? குரங்கையும் கரடியையும் வித்தை காட்டக் கூடாது என்று 1998ல் அறிவிப்பு வந்தது, அதனால் தெருவில் அவை குறைந்தன. கிளி ஜோசியக்காரரிடம் இருக்கும் பச்சைக்கிளி வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. பன்றிக்குக் காடும் இல்லை, கூண்டும் இல்லை.

ஒன்று சேர்க்கிறேன். எங்கள் படிப்பில் பன்றிக்குட்டி விளையாடுவதைத் தனியாகக் கவனிக்கச் சொல்வார்கள். திடீரென்று ஓடும், நின்ற இடத்தில் அரைச்சுற்று சுற்றும், தலையை உதறும், காரணமே இல்லாமல் பொத்தென்று விழும். பசி, பயம், வலி இருந்தால் முதலில் நின்றுபோவது இதுதான். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு முறை சுத்தம் செய்த கொட்டிலில் புது வைக்கோல் போட்டதும் பன்னிரண்டு குட்டிகளும் ஒரே நேரத்தில் இப்படிக் கிளம்பியதைப் பார்த்தேன். நாங்கள் யாரும் அந்த ஆட்டத்தில் இல்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தோம்.

மட்டுறுத்துனர் | ஞாயிறு, இரவு 10.30

இழை சூடாகாமல் போகிறது, நன்றி. நடுவில் ஜல்லிக்கட்டு பற்றி வந்த இரண்டு வசைப் பின்னூட்டங்களை எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை இருக்கிறது.

கொடுக்காப்புளி | திங்கள், காலை 6.30

எல்லாவற்றையும் மகளுக்குப் படித்துக் காட்டினேன், வெடி விஷயம் உட்பட. அதை மறைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாமென்று தோன்றியது. வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த அண்ணா வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். வாங்கும் பேச்சு இப்போதைக்கு இல்லை. பட்டிமகன், தம்பி என்று கூப்பிடலாமா? உங்கள் அப்பாவுக்குத் தொந்தரவு இல்லையென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பட்டிமகன் | திங்கள், காலை 7.10

வாங்க அக்கா. கொட்டில் இப்போது ஊருக்கு வெளியே. அப்பாவிடம் சொன்னேன், 'பன்னியைப் பாக்க ஒரு பாப்பா வருதா?' என்று மூன்று தடவை கேட்டார். பழைய துணி போட்டு வாங்க. நல்ல செருப்பு வேண்டாம்.

கொடுக்காப்புளி | அடுத்த ஞாயிறு, இரவு 8.50

போய் வந்தோம். பதினெட்டு இருந்தன. ஒன்றுகூட அவள் மடியில் வந்து படுக்கவில்லை. முதல் பத்து நிமிடம் முகம் தொங்கிப்போய் நின்றாள். பிறகு ஐயா ஒரு கூடை வாழைத்தண்டும் ஈர மண்ணும் கொட்டினார். பதினெட்டும் வந்து கிண்ட ஆரம்பித்தன. மூக்கு உள்ளே போவதும், மண் மேலே வருவதும், ஒன்று இன்னொன்றை இடித்துத் தள்ளுவதுமாக ஒரே அமளி. அவள் திட்டுச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். நான் மணி பார்த்தேன், நாற்பது நிமிடம் போன் எடுக்கவில்லை. வீட்டம்மா சட்டியைத் தட்டிக் காட்டச் சொன்னதும், கிண்டுவதை விட்டுவிட்டு எல்லாம் இவளிடம் ஓடிவந்தபோதுதான் பயந்து கத்திவிட்டாள். ஐயா சிரித்த சிரிப்பு! திரும்பும்போது ஒரு காலில் செருப்பில்லை. பழசுதான், சொன்னபடி.

பட்டிமகன் | திங்கள், காலை 6.45

அக்கா, செருப்பு கிடைத்துவிட்டது. வார் மட்டும்.